நுவரெலியாவா, ஹப்புத்தளையா?



மகளிர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். "மிஸ், சேமிப்பில கொஞ்சக் காசு கிடக்கு. எல்லாருமாச் சேர்ந்து மலைநாட்டுப் பக்கம் போய் வருவம் எண்டு யோசிக்கிறம். நுவரெலியா நல்லதோ, ஹப்புத்தளை நல்லதோ?" மரணச் சான்றிதழ், காணிப் பத்திரம், நுண்கடன், வாழ்வாதார உதவி என்று கேட்டு வந்த அதே பெண்கள் இன்று இதைக் கேட்கிறார்கள். எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆகவே இம்மாதப் பக்கத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

"எங்களுக்கென்ன உல்லாசப் பயணம்?" என்று சிலர் நினைக்கக்கூடும். சற்று எண்ணிப் பாருங்கள். நாம் பயணம் செய்யாதவர்கள் அல்லர். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோம். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்து நகர்ந்து கடற்கரை வரை போனோம். பின்னர் பஸ்களில் ஏற்றப்பட்டு முகாம்களுக்குப் போனோம். அவற்றில் ஒன்றையேனும் நாம் தெரிவு செய்யவில்லை. எங்கே போவது, எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். இன்று "எந்த ஊருக்குப் போவோம்?" என்று பாயில் வட்டமாக இருந்து பேசுவது சிறிய விடயம் அல்ல. அந்தத் தெரிவை நன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு ஊர்களும் எப்படிப்பட்டவை?

இரண்டுமே வெள்ளைக்காரர் காலத்தில் வளர்ந்த மலையூர்கள். ஆனால் வளர்ந்த காரணம் வேறு.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,128 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகல அந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கிறது. முதலில் ஆங்கிலேயப் படையினர் நோய் தீர்ந்து உடல் தேறுவதற்கான இடமாக அது இருந்தது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்பவர் ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முயன்றார். இன்று நம் சந்தைக்கு வரும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் அந்தப் பக்கத்து மண்ணில்தான் பெருமளவில் விளைகின்றன. 1873இல் தேசாதிபதி கிறகறியின் காலத்தில் வாவி கட்டப்பட்டது. செங்கல்லாலான பழைய தபாற் கந்தோர் 1894இல் எழுந்தது. நகருக்கு அப்பால் வெலிமடை வீதியில் சீதையம்மன் கோயிலும், 1861இல் தொடங்கிய ஹக்கல பூங்காவும் இருக்கின்றன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கவே அந்தப் பூங்காவைத் தொடங்கினார்கள். இப்போது அங்கே ரோசாப்பூக்களைப் பார்க்கலாம்.

ஹப்புத்தளை சுமார் 4,700 அடி உயரத்தில் உள்ள சிறிய ஊர். அது ஒரு மலை முதுகின் மேல் இருக்கிறது. கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் ஊவா மலைகள் தெரியும். மறுபக்கம் பார்த்தால் நிலம் அப்படியே இறங்கித் தெற்குச் சமவெளி வரை போகும். புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் ஹப்புத்தளைக்கும் வந்தது. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி வேறு வாகனம் பிடிக்க வேண்டும். ஹப்புத்தளையிலோ புகையிரத நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1890இல் தோமஸ் லிப்டன் அங்கே தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னையில் அவர் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையும், அதற்கு மேலே அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் சீற் என்ற இடமும் உண்டு. 1931இல் கட்டப்பட்ட அடிசம் என்ற கல் மாளிகை இப்போது துறவியர் மடமாக உள்ளது. அவர்கள் செய்யும் பழ ஜாமை அங்கேயே வாங்கலாம். அந்த மடத்தை எல்லா நாளும் திறப்பதில்லை. வார இறுதி, போயா தினம், பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில்தான் பொதுவாக உள்ளே விடுவார்கள்.

சுருங்கச் சொன்னால், பூங்கா, வாவி, கோயில் என்று பார்ப்பதற்குப் பல இடங்கள் வேண்டுமானால் நுவரெலியா. ஓரிடத்தில் இருந்து ஆறுதலாக மூச்சு விட வேண்டுமானால் ஹப்புத்தளை.

மாதத்தைப் பாருங்கள்

பலர் ஊரைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகு மாதத்தைத் தெரிவு செய்கிறார்கள். முதலில் மாதத்தையே பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே காலத்தில் மலைக்கு மறுபக்கமுள்ள ஊவாவில் மழை குறைவு, காற்றுத்தான் பலமாக வீசும். அந்த வரண்ட காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை தனி வாசனை கிடைக்கிறது. ஒக்டோபரிலிருந்து சனவரி வரை ஹப்புத்தளைப் பக்கம் மழையும் புகாரும் அதிகம். சனவரி முதல் மார்ச் வரை நுவரெலியா வெளிச்சமாக இருக்கும். ஆனால் அப்போது இரவில் குளிர் கடுமை. புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. ஏப்பிரலில் நுவரெலியாவில் 'சீசன்'. மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும். சனமும் கூடும், அறை வாடகையும் ஏறும். குறைந்த காசோடு போகும் சங்கங்கள் ஏப்பிரலைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு சங்கம் தெரிவு செய்த விதம்

கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள ஒரு சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். அவர்களின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம் என்றார்கள். 19 அங்கத்தவர்கள். பெரும்பாலானோர் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவரையோ பிள்ளையையோ தேடிக்கொண்டிருப்பவர்கள். வாரம் 200 ரூபா வீதம் ஒன்றரை வருடம் சேமித்தார்கள். ஒருவருக்கு 15,600 ரூபா, எல்லோருக்குமாக 2,96,400 ரூபா சேர்ந்தது. அதற்குள் பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும்.

கூட்டத்தில் தலைவி முதலில் "நான் நுவரெலியா" என்று கையை உயர்த்தினார். உடனே 16 கைகள் உயர்ந்தன. தீர்மானம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. அப்போது மூலையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "இது கை தூக்கிற விளையாட்டில்லை. ஆருக்கும் தெரியாமப் போடுவம்" என்றார். நுவரெலியாவுக்குப் புளியங்கொட்டை, ஹப்புத்தளைக்குச் சோளம் என்று வைத்தார்கள். ஒவ்வொருவரும் துணியால் மூடிய பானைக்குள் ஒன்றைப் போட்டார்கள். கொட்டி எண்ணியபோது 12 சோளம், 7 புளியங்கொட்டை. தலைவிதான் முதலில் சிரித்தார்.

பிறகு தேநீர் குடிக்கும்போது ஒவ்வொரு காரணமாக வெளியே வந்தது. காலில் செல் துண்டு கிடக்கும் ஒரு சகோதரி, "குளிர் கூடினா எனக்கு நித்திரை இல்லை, சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார். இன்னொருவருக்கு, நுவரெலியாவில் ஒவ்வொரு வாசலிலும் ரிக்கட் எடுக்க வேண்டி வருமே, எல்லோரும் உள்ளே போகத் தான் மட்டும் வெளியே நிற்க நேருமோ என்ற பயம். மற்றொருவர், "எனக்கு ஒண்டும் பாக்க வேண்டாம், ஆரும் என்னைக் கூப்பிடாத இடத்தில ரெண்டு நாள் இருந்தாக் காணும்" என்றார்.

சமூகவியல் படிக்கும்போது குழுத் தீர்மானம் பற்றிப் பல பாடங்கள் படித்தோம். அவற்றை ஒரு பானையில் கண்டேன். கை உயர்த்தும்போது நாம் பெரும்பாலும் தலைவியின் முகத்தையே பார்க்கிறோம். விதை போடும்போதுதான் நம் மனதைப் பார்க்கிறோம். உங்கள் சங்கத்திலும் இப்படிச் செய்து பாருங்கள். பயணத்துக்கு மட்டுமல்ல, கடன் யாருக்கு முதலில் என்ற கேள்விக்கும் இது உதவும்.

அவர்கள் 2025 ஆகஸ்டில் போனார்கள். நானும் கூடப் போனேன். இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு, ஏ-9 வீதியால் கண்டிக்குப் போய், அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறினோம். மதியச் சாப்பாடு வாவிக் கரையில். பிறகு சீதையம்மன் கோயிலைக் கும்பிட்டு, வெலிமடை வழியாக மாலையில் ஹப்புத்தளையை அடைந்தோம். இரண்டு இரவும் அங்கேயே தங்கினோம். புளியங்கொட்டை போட்ட ஏழு பேருக்கும் நுவரெலியாவைப் பார்த்த திருப்தி கிடைத்தது. ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றதை முழுதாக விட்டுவிட வேண்டும் என்று இல்லை. ஆனால் இரண்டிலும் தங்க முயன்றால் மூன்று நாட்களும் பஸ்ஸிலேயே போய்விடும்.

வீட்டை யார் பார்ப்பது?

இனிச் சொல்லப்போவது ஊர்களைப் பற்றியது அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் எந்த ஊரைத் தெரிவு செய்தும் பயனில்லை.

19 பேரில் இருவர் வரவில்லை. ஒருவரின் மகளுக்குக் காய்ச்சல். மற்றவரின் மாமியார், "புருஷன் இல்லாதவளுக்கு என்ன ஊர் சுற்றல்?" என்று கேட்டுவிட்டார். இருவருக்கும் அவரவர் சேமித்த 15,600 ரூபா முழுதாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கோயில் யாத்திரை என்றால் வாய் திறக்காத ஊர், மனம் ஆறப் போகிறோம் என்றால் மட்டும் கணக்குக் கேட்கிறது. அந்த மாமியாரும் ஒரு மகனை இழந்தவர்தான். அவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. அடுத்த முறை அவரையும் அழைக்கலாம் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது.

இன்னொரு அம்மாவின் மகன் 2009க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு இரவுகூட வீட்டைப் பூட்டியதில்லை. "அவன் வந்து கதவைத் தட்டேக்க வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்பதே அவர் சொன்ன காரணம். அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. அவருடைய தங்கையின் மகள் மூன்று இரவும் வந்து படுத்தாள். விளக்கும் கொளுத்தி வைத்தாள். அம்மா காலையும் மாலையும் தொலைபேசியில் விசாரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், "வீட்டை ஒருத்தி பாத்துக்கொண்டா, நான் நித்திரை கொண்டன்" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே பயணக் கணக்கில் பஸ்ஸையும் சாப்பாட்டையும் மட்டும் எழுதாதீர்கள். யார் வீட்டை யார் பார்ப்பது, யார் பிள்ளைக்கு யார் சமைப்பது, ஆட்டையும் கோழியையும் யார் கவனிப்பது என்பதையும் எழுதுங்கள். பல பெண்கள் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வதன் பொருள் "எனக்கு மாற்றாள் இல்லை" என்பதுதான்.

தேயிலைக்குள் இருப்பவர்கள்

மலைநாட்டுக்குப் போகும் நம்மவர்களிடம் நான் தவறாமல் கேட்டுக்கொள்வது ஒன்று. பச்சைப் பசேலென்ற அந்த மலைகள் தாமாக வந்தவை அல்ல. முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் தலைமன்னாரிலிருந்து காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே போனார்கள். சுதந்திரம் கிடைத்த அதே வருடம், 1948இல், குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்கள் பலர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நம் அயல்வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். மலையில் இழந்து வந்தவர்கள், வன்னியிலும் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தார்கள்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் 1977இல் ஆறு வயதில் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தகப்பனின் தோளில் வந்தவர். கூட்டத்தில் அவர் அதைச் சொல்லவே இல்லை. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தத் தயக்கம் இருக்கத்தானே செய்யும். தோட்டத்தில் அவரது குடும்பத்தை நினைவில் வைத்திருப்போர் எவரும் இல்லை. அவர்கள் இருந்த லயன் எது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கும் பீலியை அடையாளம் கண்டார். முகம் கழுவினார். அங்கிருந்த குடும்பமொன்று எல்லோருக்கும் சாயத் தேநீர் தந்தது. "விடிய நாலு மணிக்கு, இந்தக் குளிருக்குள்ள அம்மா எழும்பியிருக்கிறா" என்று அவர் சொன்னபோது, அவரோடு பதினைந்து வருடம் ஒரே சங்கத்தில் இருந்தவர்கள் அவரைப் புதிதாகப் பார்த்தார்கள்.

லயன்கள் மக்களின் வீடுகள். அழைக்காமல் உள்ளே போகாதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முகாம் வேலிக்கு வெளியே நின்று எங்களைப் படம் எடுத்துப் போனவர்களை நாம் மறந்துவிடவில்லை.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பல குடும்பங்களைக் கொண்டுபோயின. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. செய்தி கேட்ட அன்றே அந்தச் சகோதரி தேநீர் தந்த குடும்பத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் உயிரோடு ஒரு பாடசாலையில் தங்கியிருந்தார்கள். சங்கம் அரிசியும் உடுப்பும் சேர்த்து அனுப்பியது. நிவாரணம் வாங்கியே பழகிய கைகள் அன்று நிவாரணம் பொதி செய்தன.

ஆகவே இப்போது போக விரும்புவோர் சில விடயங்களைக் கவனியுங்கள். புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் விசாரியுங்கள். வீதி நிலைமையைத் தங்குமிடத்தாரிடம் முதல் நாளே கேளுங்கள். மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். ஹப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எல்லோரும் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். நாளாந்தம் எடுக்கும் மருந்தை நான்கு நாளுக்குக் கொண்டுபோங்கள். கம்பளிச் சட்டை இல்லாவிட்டால் இரண்டு சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாலும் குளிர் அடங்கும், காலுறை மட்டும் கட்டாயம் வேண்டும். லிப்டன் சீற்றுக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். நேரம் போனால் புகார் மூடிவிடும், ஒன்றும் தெரியாது. சமைக்க வசதியுள்ள தங்குமிடமாகப் பார்த்தால் செலவு பாதியாகக் குறையும். குளியலறை படிக்கட்டுக்கு மேலேயா கீழேயா என்றும் கேளுங்கள். நடக்க முடியாத சகோதரிக்கு அதுவே பெரிய கேள்வி.

கடைசியாக, "எது நல்லது?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். உங்களில் யாருக்கு நடப்பது கடினமோ, யாருக்குக் குளிர் ஒத்துவராதோ, யாரிடம் காசு குறைவோ, அவருக்கு எந்த ஊர் பொருந்துமோ அதைத் தெரிவு செய்யுங்கள். மற்றவர்களுக்கு அது தானாகப் பொருந்தும். அந்த ஒருவர் யாரென்று அறிய முதலில் ஒரு பானையும் இரண்டு வகை விதைகளும் தேடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.